அந்தப் பழைய பாட்டைப் போடுங்க

அக்காவும் தங்கையும் அப்பாவின் நாடகக் கம்பெனியிலேயே வளர்ந்தவர்கள். காட்சி மாறும் இடைவெளியில் கூட்டம் எழுந்து போய்விடாமல் இருக்க இருவரும் பாடி ஆடுவார்கள். போகப் போக நாடகத்தை விட்டுவிட்டு இவர்களைப் பார்க்கவே ஆள் வந்தது. ராஜா வேஷம் கட்டும் அப்பாவுக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் புகைச்சல்தான்.

ஒருநாள் சினிமா டைரக்டர் ஒருவர் வந்து பார்த்தார்.

"சின்னவ முகம் கேமராவுக்கு ஆகும், பெரியவ குரல் மைக்குக்கு ஆகும். ரெண்டையும் சேத்து ஒரு கதாநாயகி பண்ணிடலாம்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. தங்கையின் முகம் மலர்ந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

படங்கள் ஓடின. அக்கா ஒலிப்பதிவு அறையில் பாடுவாள். தங்கை செட்டில் வாயசைத்து ஆடுவாள். அக்கா பாட்டில் மூச்சு இழுக்கும் இடத்தில் திரையில் தங்கையின் தோள் ஏறி இறங்கும். ஊரே தங்கையைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அக்காவைத் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் நிம்மதியா காய்கறி வாங்கறேன். நீ வாங்கிடு பாப்போம்" என்று தங்கையைக் கிண்டல் செய்வாள்.

பிறகு அக்காவின் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் தப்பியது, குரல் போனது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான்.

வேறொரு பாடகியை வைத்தார்கள். தங்கையின் உதடு பாட்டுக்குப் பின்னால் நொண்டியடித்தது. டான்ஸ் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவங்க எங்க மூச்சு விடுறாங்கன்னே தெரியலக்கா" என்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

"பழகிக்கோ" என்று அக்கா வாயசைத்தாள். பழகவில்லை. படங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின.

வெகுநாள் கழித்து ஒரு மேடை நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது.

"இந்தத் தடவ நானே பாடட்டுமா?" என்று தங்கை கேட்டாள். அக்கா தொடையில் தாளம் போட, வீட்டிலேயே பாடிப் பழகினாள். குரல் சிறியது, ஆனால் சுருதி விலகாதது.

மேடையில் பல்லவி முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"இது அவங்க குரலே இல்ல. ஏமாத்தாதீங்க."

"அந்தப் பழைய பாட்டைப் போடுங்க" என்றது கூட்டம்.

நிகழ்ச்சி நடத்துபவர் கைகாட்ட, இசைத்தட்டு சுழன்றது. அக்காவின் குரல் அரங்கை நிறைத்தது. தங்கை ஒரு கணம் நின்றாள். பிறகு வாயசைத்து ஆடத் தொடங்கினாள், இம்மி பிசகவில்லை. கைதட்டல் கூரையைப் பிளந்தது. திரை மறைவில் நின்ற அக்காவுக்கு, பின்னணி பாட வந்த பிறகு தன் குரலுக்கு விழும் கைதட்டலை நேரில் கேட்பது அதுவே முதல் தடவை. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஒப்பனை அறையில் தங்கை துண்டில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அவ்வளவு மோசமாவா பாடினேன்?"

அக்கா துண்டை விலக்கி, அவள் தன்னைப் பார்க்கும்படி முகவாயைத் தூக்கி, "நல்லாத்தான் பாடின" என்று உதட்டை அசைத்தாள்.

தங்கைக்குப் புரிந்தது. ஆனால் அவள் அதை நம்பவில்லை. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவும் இல்லை.