நாற்பது புதரும் வேரோடு

எழுபத்தாறாம் வருஷம் வைகாசிக் கடைசி. நல்லமுத்து ஓடைக்கரையில் குந்தி உட்கார்ந்து ஆற்றுப்பாலைப் புதர்களைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். தேயிலைக்குப் பிடிக்கிற அதே கத்தி, அதே சாய்வெட்டு. முழங்கால் உயரத்துக்கு மேலே இருந்ததெல்லாம் விழுந்தது. மேல்கனம் இருந்தால் வெள்ளம் புதரைச் சாய்த்துக் கரையையும் பெயர்த்துவிடும்.

கரைக்கு மேலே பத்தடியில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீடு அவருடையது. நாலு வருஷத்துக்கு முன்பு அதன் அடுப்படி வெள்ளத்தோடு போயிற்று. கல்சுவர் கேட்டு எஸ்டேட் ஆபீசுக்கு மூன்று மனு போனது. சுவர் வரவில்லை. அவர் மனைவி அழகுத்தாயும் லயத்துப் பெண்களும் ஆனைக்கரை போகிற வழியில் ஆற்றோரம் குச்சி ஒடித்து வந்து நட்டார்கள். கோடையில் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினார்கள். நாற்பது குச்சி. நாற்பதும் பிடித்தது.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் சிலுவைராஜ் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"வெட்டுனது போதும் நல்லமுத்து. மேனேஜர் தொரை பங்களாவுக்கு வேலி வேணுமாம். இதத் தோண்டி அங்க நடணும்."

"எத்தன குச்சி வேணுமோ எடுத்துக்கிடுங்கய்யா. இந்தா கெடக்கு."

"குச்சி இல்ல. வேரோட."

"வேரு எதுக்குய்யா? சும்மா சொருகுனாலே வந்துரும். நாங்க அப்பிடித்தான நட்டோம்."

"தொரை பொஸ்தகத்துல பாத்திருக்காரு. வேரோட நட்டாத்தான் பிடிக்குமாம்."

"அந்தப் பொஸ்தகத்தக் கொண்டாந்து கரைக்கு முட்டுக் குடுங்க" என்றாள் அழகுத்தாய், வாசலிலிருந்து. "வெள்ளம் நிக்குதான்னு பாப்போம்."

"வாயக் கொறை தாயி. கரை எஸ்டேட் கரை. மரமும் எஸ்டேட் மரம்."

"தண்ணி ஊத்துனப்போ எஸ்டேட்ட இந்தப் பக்கம் காணலியே."

"வீடும் எஸ்டேட் வீடுதான். அத மறந்துறாத."

அவள் உள்ளே போனாள்.

மறுநாள் எட்டு ஆள் மண்வெட்டியோடு வந்தார்கள். நல்லமுத்துவும் தோண்டினார். ஒவ்வொரு புதரும் ஒரு கூடை மண்ணைக் கையோடு கொண்டுபோயிற்று. சாயங்காலம் கரையில் நாற்பது குழி இருந்தது. வெட்டிக் கிடந்த குச்சிகளையும் அள்ளிப்போய்ப் பங்களாத் தோட்டக்காரர் ரோஜாச் செடிகளுக்கு ஊன்றுகோலாகக் குத்தினார்.

மழை பிடித்த ஆறாம் நாள் காலையில் குழிகளுக்குள் தண்ணீர் புகுந்து கரை பிளந்தது. திரும்பக் கட்டியிருந்த அடுப்படி மறுபடியும் போனது. அழகுத்தாய் சோற்றுப் பானையை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அறைச்சுவருக்கும் ஓடைக்கும் நடுவில் மூன்றடிதான் மிச்சம்.

நல்லமுத்துவைப் பங்களா வேலையில் போட்டார்கள். மரம் அவருக்குப் பழக்கமாம். வேரறுபட்டு வந்த புதர்களில் முக்கால்வாசி அதற்குள் கருகிவிட்டது. ரோஜாவுக்குக் குத்திய குச்சிகள் அத்தனையும் துளிர்த்து நின்றன.

"பிடுங்கி எறி" என்றார் சிலுவைராஜ். "ரோஜாவ அமுக்குது."

பிடுங்கினார். ஒவ்வொன்றிலும் விரல் நீளம் வெள்ளை வேர். கொடியால் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பங்களா கேட்டுக்கு வந்தார். வாட்ச்மேன் பொன்ராஜ் குறுக்கே நின்றான்.

"எறக்குங்கண்ணே. சீட்டு இல்லாம இங்கருந்து ஒண்ணும் வெளிய போகக் கூடாது."

"குப்பைலே இது. எறியச் சொன்னதத்தான் எங்க கரையில எறியப் போறேன்."

"குப்பைக்கும் சீட்டு வேணும்ணே. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

நல்லமுத்து ஆபீசுக்குப் போனார். கண்டக்டர் எழுதித் தரவேண்டும் என்றார்கள். கண்டக்டர், தொரையைக் கேட்கவேண்டும் என்றார். தொரை கொச்சிக்குப் போயிருந்தார்.

கட்டு கேட்டுக்கு உள்ளே மழையில் கிடந்தது.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் அறைச்சுவர் ஓடைக்குள் இறங்கியது. அழகுத்தாய் பாயையும் டிரங்குப் பெட்டியையும் தலையில் வைத்துக்கொண்டு, பங்களா கேட்டைத் தாண்டி மேட்டு லயத்துக்கு ஏறினாள். கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் குச்சிக்கட்டு, கட்டிய கொடி தெரியாதபடி பச்சையாய்த் தழைத்திருந்தது.