வாய்விட்டுச் சொல்லாத விலை

"பழைய இரும்புக்காரன்கிட்ட போகவேண்டியதை இங்க உருட்டிக்கிட்டு வந்திருக்கியே, இதுக்குப் பேரு சைக்கிளா?"

ஜெய்னுதீன் பாய் தன் கடை வாசலில் சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிப் பெடலைக் காலால் ஓர் எத்து எத்தினார். பின்சக்கரம் சத்தமே போடாமல் வெகு நேரம் சுற்றி நின்றது. நல்ல வண்டி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று வீரம்மாளுக்கும் தெரிந்தது.

அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. செந்தூலிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெரு வரை தள்ளிக்கொண்டே நடந்து வந்திருந்தாள். புருஷன் கன்னையா ரயில் பட்டறைக்குப் போய்வந்த வண்டி அது. அவன் இப்போது குளிர்காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டு கிடந்தான். ஆஸ்பத்திரி டிரசர் சபாபதியிடம் அந்தக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை இருந்தது. ஆனால் ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் அடித்துவிட்ட, வாழைமரம் போட்ட செல்லாக்காசு நோட்டை அவர் தொடமாட்டார். மூன்று மரக்கால் அரிசி கொண்டு வந்தால் மாத்திரை, குறைந்தால் வாசல் ஏறாதே என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். விற்பதற்கு வீட்டில் சைக்கிளைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

"டயரைப் பாரு பாய். ஊருல எல்லாரும் ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்துல கட்டிக்கிட்டுப் போறாங்க. இது காத்தடிச்ச டயரு."

"காத்து இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போயிடும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு."

ரெண்டு என்றால் இரண்டு மரக்கால் அரிசி. அரிசி என்ற சொல்லை அந்தக் கடை வரிசையில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். கள்ள அரிசி கைமாறுகிறது என்று ஓர் ஆள்காட்டியின் காதில் விழுந்தால் போதும், ஜப்பான்காரன் லோரி வந்து நிற்கும். அதனால் ஆண்கள் மாட்டுச் சந்தை வழக்கத்தை இங்கே கொண்டுவந்திருந்தார்கள். கையைக் கைமேல் வைத்துத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பெண்பிள்ளையோடு அப்படிப் பேச முடியாதே. அவளுக்கு மட்டும் முணுமுணுப்பு.

"மூணு குடு பாய். அதுக்கு மேல ஒரு பிடி கேக்கல."

"கேட்டதைக் குடுக்க நான் என்ன உன் மாமனா மச்சானா? உன் புருஷன் பொழைச்சு எழுந்தாலும் சயாம் ரயில்பாதை போடத்தான் ஜப்பான்காரன் பிடிச்சிக்கிட்டுப் போவான், போனவன் எவன் திரும்பினான்? அப்புறம் சைக்கிளை வச்சு நாக்கு வழிக்கவா?"

"என் புருஷன் பேச்சு உனக்கு வேணாம். வண்டியைப் பத்திப் பேசு."

"பேசிட்டேன்லா. ரெண்டு."

அப்போது பழனியப்பன் வந்து சேர்ந்தான். கிள்ளான் பக்கத்திலிருந்து அரிசி கடத்துகிறவன். தலையில் ஒரு மூட்டை, அதன்மேல் பார்வைக்கு நாலு மரவள்ளிக்கிழங்கு. மூட்டையை இறக்கியவன் சைக்கிளைச் சுற்றி வந்து டயரை அமுக்கிப் பார்த்தான். அவன் கண் மின்னியது. பாய் தோளிலிருந்த துண்டை எடுத்தார். இருவர் கையும் அதற்குள் போயின.

வீரம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். கைப்பிடி இன்னும் அவள் கையில் இருக்கிறது. வண்டி இன்னும் அவளுடையது. அவள் கண்ணெதிரிலேயே அதற்கு விலை நடக்கிறது, அவளுக்குத் தெரியாமல்!

சைக்கிளைச் சுவரில் சாத்தினாள். எட்டித் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

பாயின் பிடிக்குள் பழனியப்பனின் நாலு விரல்கள் இருந்தன.

"அடி செருப்பால! துண்டை இழுக்கிறியா?" பாய் கையை உதறினார். எதிர்ச் சாரியில் சவரம் செய்துகொண்டிருந்தவன் கத்தியோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"எனக்கு ரெண்டு. இவர்கிட்ட நாலா?"

"என் கடை, என் வியாபாரம். இனிமே இந்த வரிசையில எவன் உன் வண்டியைத் தொடறான்னு பாக்கறேன்."

அவள் பழனியப்பனிடம் திரும்பினாள். "அண்ணே, அவருக்குக் குடுக்கிறதை எனக்கே குடுங்க. வண்டியை இப்பவே எடுத்துக்குங்க."

பழனியப்பன் பல்லைக் குத்தினான். "அது அவருக்குச் சொன்ன விலை. உனக்கு ரெண்டரை. பாய்தான் தொரத்திட்டாரே, வேற எங்க கொண்டு போவே? ரெண்டரையே தர்மம்."

"ரெண்டுக்கே கேட்டிருக்கலாம்ல!" என்றார் பாய், பழனியப்பனிடம்.

ரெண்டரைக்கு டிரசர் கதவு திறக்காது. வீரம்மாள் ஒன்றும் யோசிக்கவில்லை. பழனியப்பனின் வலது கையைத் தாவிப் பிடித்தாள். துண்டில்லாமல், பட்டப்பகலில், அஞ்சடி நடைபாதையில், அதே நாலு விரலையும் சேர்த்து இறுக்கினாள்.

"ஏய், விடு! ஆளுங்க பாக்கிறாங்க!"

"பாக்கட்டும். நாலுன்னு சொல்லு."

"பொம்பளையா நீ? பேயி! கையை விடு!"

"சொல்லமாட்டியா? அப்ப நான் சொல்றேன், தெருமுனை வரைக்கும் கேக்கட்டும். நாலு மரக்கால் அரி..."

"நாலு! நாலு! வாயை மூடு!"

பாய் முகம் வெளுத்து இருவரையும் கடைக்குள் தள்ளினார். பழனியப்பன் மூட்டைக்குள்ளிருந்து மரக்காலை எடுத்து அளந்தான். ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையால் குழித்து வழித்தான். ஒவ்வொரு தடவையும் அவள், "குழிக்காதே, நிரப்பு" என்றாள்.

"உன்னைக் கட்டினவன் காய்ச்சல்லயே போயிடுறது மேல்," என்றான் அவன்.

"அந்த டயரு நடுவழியில வெடிக்கட்டும்," என்றாள் அவள்.

டிரசர் மூன்று மரக்காலை அளந்து வாங்கிக்கொண்டு மாத்திரைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகவே நீட்டினார். மீதி ஒரு மரக்காலோடு அவள் வீட்டுக்கு வந்தாள். அவள் தலையில் சுமையோடு நடந்தாள். அவள் கையைப் பிடித்த செய்தி யாருடைய சைக்கிளில் வந்ததோ, அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

கன்னையா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். "எவன் கையைப் பிடிச்சு வாங்கின மாத்திரை அது? தூக்கி வெளிய போடு."

அவள் அவனைப் புரட்டினாள். அவன் பல்லை இறுகக் கடித்துக்கொண்டான். அவன் மூக்கைப் பொத்தினாள். மூச்சுக்கு வாய் திறந்ததும் மாத்திரையைப் போட்டுக் கஞ்சித் தண்ணீரை ஊற்றினாள்.

"முழுங்கு. என்னைத் திட்டணும்னா உனக்கு உசிரு வேணும்."

அவன் விழுங்கினான். பிறகு திட்ட ஆரம்பித்தான்.