ஆறாம் வாசலுக்கு வெளியே

நான் கூரை போட்ட கடைத்தெருவில் குடை விற்கிறவன். ஒசாகாவில் இப்படியொரு கடையை இருபத்தாறு வருஷம் நடத்தி லாபமும் பார்த்தவன் என்பதால், எதையும் யார் தலையிலும் கட்டிவிடலாம் என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரை இந்த வருஷம் நானிவா கொக்குகள் அடக்கினார்கள்.

கொக்குகள் எங்கள் பேஸ்பால் அணி. ஏப்ரலில் தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஜெயித்து எங்களை மேகத்தில் ஏற்றினார்கள். மே மாதம் அங்கிருந்து தள்ளிவிட்டார்கள். ஆகஸ்டில் முதலிடம். செப்டம்பர் முழுக்க ஒன்று ஜெயிப்பது, ஒன்று தோற்பது என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் எல்லாம் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. அக்டோபர் முதல் ஞாயிறு, மதியம் இரண்டு மணி, சொந்த மைதானம். ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. தோற்றால் டோக்கியோக்காரனுக்கு.

இந்தத் தள்ளாட்டத்துக்கு யார் காரணம் என்பதைக் கடைத்தெரு எப்போதோ கண்டுபிடித்திருந்தது. காலுறைக் கடை இனோகுமா. எங்கள் ஊரில் ஒவ்வொரு ரசிகனுக்கும் சொந்தமாக ஒரு ராசி எண் உண்டு: அவன் மைதானத்துக்குப் போன நாட்களில் அணி எத்தனை ஜெயித்தது, எத்தனை தோற்றது என்று. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அதைக் கேட்பார்கள். இனோகுமா இந்த வருஷம் பன்னிரண்டு முறை போனான். பன்னிரண்டும் தோல்வி. பல் பிடுங்கப் போன நாளில் கொக்குகள் ஒன்பது ரன் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் கடைக்காரர் சங்கத்து மாடியில் கூட்டம் போட்டார்கள். தலைவர் கடற்பாசிக் கடை துஜிமுரா. அவர் பக்கத்தில் ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவுருண்டையான தக்கோயாகி சுடும் ஹருயோ அக்கா, கையில் விசிறியோடு.

"இனோ, உன்னப் போகாதேன்னு யாரும் சொல்லல," என்று துஜிமுரா ஆரம்பித்தார். "உடம்பு சரியில்லாம போனா நல்லாயிருக்கும்னுதான் சொல்றோம்."

"எனக்கு உடம்பு கல்லு மாதிரி இருக்குண்ணே."

"அதான்டா கவலையே," என்றாள் ஹருயோ அக்கா. "ஒரு வருஷத்துக்குத் தக்கோயாகி ஓசி. வீட்டுல உக்காந்து டிவியில பாரு."

"உங்க தக்கோயாகியில ஆக்டோபஸ்ஸத் தேடுறதுக்கே ஒரு வருஷம் ஆகும்க்கா."

சிரிப்பு அடங்க நேரமானது. துஜிமுரா முதல் தரக் கடற்பாசி இரண்டு கட்டு என்றார். முடிவெட்டுகிறவர் ஆயுசுக்கும் இலவசம் என்றார். இனோகுமா தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டினான். பிறகு அவன் முகம் மாறியது.

"ஞாயித்துக்கிழம மினோகாவாவோட கடைசி ஆட்டம். முதல் ஆட்டத்துல நான் இருந்தேன். கடைசிலயும் இருப்பேன். கோப்பைய நீங்களே வச்சுக்குங்க. எனக்கு அவன் பேட்ட சுத்துறத ஒரு தடவ பாத்தாப் போதும்."

மினோகாவா பதினெட்டு வருஷம் ஆடியவன். பெரிய நட்சத்திரம் இல்லை. முதல் ஆட்டத்தில் மூன்று பந்தையும் காற்றில் வீசி அவுட்டானபோது மைதானமே சிரித்தது. கை தட்டியது இனோகுமா ஒருவன்தான். அன்றைக்கு அவன் கடை திறந்து நாலாவது நாள், ஒரு ஜோடி காலுறைகூட விற்றிருக்கவில்லை. அப்போதிருந்து அந்தப் பையன் இவனுடைய ஆள்.

இங்கேதான் நான் புகுந்தேன். பேரம் முறியும் இடத்தில் பாதி விலை சொல்லிப் பழகிய வாய்.

"இப்படி வச்சுக்கலாம். மினோகாவா இப்பல்லாம் யாருக்காவது பதிலாத்தான் இறங்குறான், அதுவும் ஏழாவது எட்டாவது இன்னிங்ஸ்ல. அதுவரைக்கும் இனோ ஆறாம் வாசலுக்கு வெளிய நிக்கட்டும். அவன் பேரச் சொன்னதும் உள்ள போகட்டும். ஒரு ஆளு ஆடறதுக்குள்ள என்ன குடி முழுகிடும்?"

"வெளிய நிக்கிறான்னு யாரு பாத்துக்கிறது?" என்றார் துஜிமுரா.

"என் சீட்டு அவன் பக்கத்து சீட்டுதான். நானும் நிக்கிறேன்."

இனோகுமா என்னையே பார்த்தான். "சத்தியமா பேரச் சொன்னதும் விட்டுரணும்."

"சத்தியம்."

ஞாயிற்றுக்கிழமை கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு, சுவருக்கு வெளியே, சைக்கிள்களுக்குக் காவல் இருப்பவர்கள் மாதிரி நின்றோம். என் சின்ன ரேடியோ கரகரத்தது. நாலாவதில் நாங்கள் இரண்டு, அவர்கள் ஒன்று. ஆறாவதில் எங்கள் ஆள் கைக்கு வந்த பந்தை நழுவவிட, அவர்கள் மூன்று.

"பாத்தியா, நான் உள்ள இல்ல. அப்பவும் விட்டான்," என்றான் இனோகுமா. எத்தனை மாதத்துச் சந்தோஷமோ, குரலில் தெரிந்தது.

"வாசல் வரைக்கும் வந்துட்டியே, அந்த வாடைதான்."

எட்டாவது இன்னிங்ஸ். ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட், மூன்று தளத்திலும் எங்கள் ஆட்கள். ஒலிபெருக்கி இருமியது. "பதில் ஆட்டக்காரர், மினோகாவா." உள்ளே ஊதுகுழல்கள் அவனுடைய பாட்டை எடுத்தன, எங்களிடம் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் தனிப் பாட்டு. முப்பதாயிரம் பேர் பாடியதில் சுவர் அதிர்ந்தது.

இனோகுமா டிக்கெட்டை நீட்டியபடி பாய்ந்தான். நான் அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்தேன்.

முன்கூட்டித் திட்டமெல்லாம் போடவில்லை. என் கை போனது, அவ்வளவுதான். மூன்று தளத்திலும் ஆள். பன்னிரண்டு தோல்வி.

"ஒரு பந்து இனோ. ஒண்ணே ஒண்ணு போகட்டும். அவன் முதல் பந்த அடிக்கவே மாட்டான், உனக்கே தெரியும்."

"விடு கசுகே."

"ஒண்ணுதான்டா..."

"விடுய்யா!"

கட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. அந்த மாதிரி சத்தம் வருஷத்துக்கு நாலு தடவை வரும். அடுத்த நொடி மைதானம் வெடித்தது. ரேடியோக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்: வலதுபக்கச் சுவர், இரண்டு பேர் உள்ளே, நாலுக்கு மூன்று.

பட்டையை விட்டேன். இருவரும் படியில் ஏறி ஓடினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது மினோகாவாவுக்குப் பதிலாக ஓட ஒரு இளவட்டத்தை அனுப்பியிருந்தார்கள். வீரர்கள் உட்காரும் கூடாரத்துக்குள் இறங்குகிற ஒரு முதுகு தெரிந்தது. அதில் எழுதிய அவன் எண் ஐம்பத்திரண்டில் அந்த இரண்டு மட்டும். பிறகு அதுவும் இல்லை.

இனோகுமா தன் இடத்தில் உட்கார்ந்தான். இரண்டு வரிசை கீழேயிருந்து ஹருயோ அக்கா திரும்பினாள்.

"அவன் ஆடி முடிச்சாச்சுல்ல? வெளிய போடா ராசா, உன் கால்ல விழறேன்! ஒம்பதாவது இருக்கு!"

அவன் அசையவில்லை. ஒன்பதாவதில் எங்கள் பிட்சர் முதல் ஆளுக்கு நாலு தப்புப் பந்து போட்டு நடக்க விட்டான். அடுத்தவன் அடித்த பந்து எங்கள் தலைக்கு மேலே கூட்டத்துக்குள் போய் விழுந்தது, இரண்டு ரன். அவர்கள் ஐந்து, நாங்கள் நாலு. எங்கள் முறை வந்தும் அதோடு சரி. ஆட்டம் முடிந்து மினோகாவா நடு மைதானத்தில் வந்து நாலு பக்கமும் குனிந்து வணங்கினான். குனிவதற்கு எவனும் பதினெட்டு வருஷம் பழக வேண்டியதில்லை. இனோகுமா அதற்குக் கை தட்டவில்லை.

வெளியே வரும்போது துஜிமுரா வழிமறித்தார். "சொன்ன நேரத்துக்கு முன்னாடியே உள்ள போயிட்டியா? அதான். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா கோப்ப நம்மளுது."

"ஆமாண்ணே," என்றான் இனோகுமா. "என்னாலதான்."

நான் வாயைத் திறந்தேன். துஜிமுராவின் பின்னால் கடைத்தெருவே நின்றது. மூடிக்கொண்டேன்.

ரயிலில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். எதிரே ஒரு சின்னப் பெண் செல்பேசியில் அந்த அடியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனோகுமா கண்ணை மூடிக்கொண்டான்.

"அடுத்த வருஷம் என் சீசன் டிக்கெட்டுல பாதி ஆட்டம் உனக்கு," என்றேன். "எந்த ஆட்டம்னு நீயே எடுத்துக்க."

முழுசும் கொடுக்கத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவன் முக்கால் கேட்பான், நான் முனகுவேன், அவன் திட்டுவான், நான் முழுசையும் கொடுத்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"சரி," என்றான் கண்ணைத் திறக்காமல்.

சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டு போகிறவர்களை என் கடையில் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட இரண்டாம் முறை வந்ததில்லை. "முழுசாவே வச்சுக்கடா," என்றேன் அவசரமாக. அதற்கும் சரி என்றுவிட்டு, எங்கள் நிறுத்தத்துக்கு ஒன்று முந்தியே இறங்கிப் போனான்.