கூப்பிடக் கூடாத பெயர்

தெற்கே அம்ப்குவா ஆற்றங்கரையிலிருந்து ஜனவரிப் பனியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எங்கள் இனத்தாரை நடக்கவைத்து, இந்த ஈரப் பள்ளத்தாக்கில் கொண்டுவந்து நிறுத்திய வாரமே அரசாங்கக் கிளார்க் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தான். ஆண்களை வரிசையாக நிற்கவைத்து, பைபிளைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டே போனான். பாதி வரிசையிலேயே அவனுக்கு அலுத்துவிட்டது. வைத்த பெயரையே மறுபடியும் வைத்தான். அப்படித்தான் என் கணவருக்கும் என் தம்பிக்கும் ஒரே பெயர் வந்தது. புத்தகத்தில் மட்டும் முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று எழுதிக்கொண்டானாம். பெண்களுக்கு அந்தச் சிரமத்தைக்கூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னாருடைய மனைவி, அவ்வளவுதான். எனக்கு ஜோசெட் என்று பெயர் வைத்தவர் பின்னால் வந்த பாதிரியார்.

அவர்கள் இருவருக்கும் அவன் வைத்த பெயர் என்ன என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். என் கணவர் இறந்துவிட்டார். இறந்தவர் பெயரை எங்களில் யாரும் வாயால் சொல்வதில்லை. அவர் போய்ச் சேரவேண்டிய தூரம் இருக்கிறது. பெயர் காதில் விழுந்தால் திரும்பிப் பார்ப்பார், பார்த்தால் நின்றுவிடுவார். அதே பெயர் உயிரோடு இருக்கிற இன்னொருவருக்கு இருந்தால் அவர் அன்றைக்கே அதை விட்டுவிட வேண்டும். தெரியாமல் யாராவது துக்கப்பட்டவர் காதுபடச் சொல்லிவிட்டால், கையில் இருப்பதைக் கொடுத்து அந்த இடத்திலேயே அவர்கள் மனதை ஆற்ற வேண்டும்.

இங்கே வேலி கிடையாது. சுற்றி மலை, ஓயாத மழை, கணவாயில் ஒரு கோட்டை, அதன் வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். வெளியே போக, எங்களுக்கு மேலே அரசாங்கம் வைத்த அதிகாரியான ஏஜெண்டு எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். சிப்பாய் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "பேர் என்ன?" என்று கேட்பான். சீட்டில் உள்ள பெயரைச் சொன்னால் விடுவான். சீட்டில்லாமல் போனவர்களைக் குதிரையில் துரத்திப் பிடித்து, கையைக் கட்டி இழுத்துவருவார்கள். வாரம் ஒருமுறை ரேஷன் மாவு கொடுக்கும்போது கிளார்க் பெயர் படிப்பான். பதில் வராவிட்டால் ஓடிப்போனவன் என்று புத்தகத்தில் குறி விழும்.

தம்பிக்கு ஒரு மகள். எங்களை நடத்திக் கொண்டுவந்த அன்று அவன் மனைவி கைக்குழந்தையோடு மேலாற்று மலைக்குள் ஓடிவிட்டாள். ஆறு வருஷம் ஒரு சேதியும் இல்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் தூசேன் வந்தான். வருஷத்துக்கு ஒருமுறை கோவேறு கழுதைகளில் மாவு மூட்டை கொண்டுவருகிறவன். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா எங்கள் இனப் பெண்.

"உன் பொண்டாட்டி போயிட்டாப்பா," என்றான் தம்பியிடம். "பொண்ணு ஒரு பாஸ்டன்காரன் வீட்ல தண்ணி சுமக்குது. கோதுமை அறுத்ததும் அவங்க வண்டி கட்டிக்கிட்டுக் கலிபோர்னியாவுக்குப் போறாங்களாம். அதையும் கூட்டிட்டுத்தான்."

அமெரிக்கர்களை நாங்கள் பாஸ்டன்காரர்கள் என்றுதான் சொல்வோம். கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன எங்கள் பிள்ளைகளில் ஒன்றாவது திரும்பி வந்ததாக நான் கேட்டதில்லை. தம்பி அன்றைக்கே ஏஜெண்டு வீட்டு வாசலில் போய் நின்றான். இருபது நாளுக்குச் சீட்டு கேட்டான். பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று மூன்று மாதம் பார்த்தார்கள்.

அதற்குள் என் கணவர் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டி, ஒன்பது நாள் இருமி, பத்தாம் நாள் இருமல் நின்றது. நான் தலைமுடியை அறுத்தேன். தம்பி தன் பெயரை விட்டுவிட்டான். புதுப் பெயர் அமைகிறவரைக்கும் எல்லோரும் அவனை நொட்டாங்கை என்று கூப்பிட்டார்கள், இடது கைக்காரன் என்பதால்.

இதெல்லாம் கிளார்க்குக்கு யார் சொல்வது? அடுத்த வாரம் மாவு வாங்கப் போய் நின்றோம். அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெயரைக் கத்தினான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே கத்தினான். எங்கள் வரிசை முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டது. தம்பி அவன் எதிரிலேயே, பத்தடி தூரத்தில் நின்றான். மூன்று வாரம் இதே கூத்து. நான்காம் வாரம் கிளார்க் ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டினான்.

"சீட்டு வந்தாச்சு! கேட்டவன் எங்கே? வந்து பேரைச் சொல்லி வாங்கிக்கட்டும். அடுத்த வாரமும் இந்த ரெண்டு பேர்ல ஒருத்தனும் பதில் சொல்லலைன்னா, ரெண்டு பேரும் ஓடிட்டானுங்கன்னு கோட்டைக்கு எழுதிடுவேன்."

அன்று மாலை தம்பி என் வீட்டுக் கணப்பருகில் வந்து உட்கார்ந்தான். அடுத்த வீட்டு பிலோமீனும் இருந்தாள். வாய்க்காரி, ஆனால் என் துக்கத்தில் பதினைந்து நாள் எனக்குச் சமைத்துப் போட்டவள்.

"போய்ச் சொல்லிடுடா," என்றேன். "நான்தானே துக்கக்காரி? நான் எதுவும் கேக்க மாட்டேன். நான் அன்னைக்கு மாவு வாங்கக்கூட வரமாட்டேன். போதுமா?"

"நீ கேக்காம இருந்தா ஆச்சா? மாமா கேப்பாரே அக்கா."

"அவர் உனக்காகப் பொறுத்துப்பார்."

"அவர் இங்கேருந்து நம்ம ஊர் வரைக்கும் நடந்து, அங்கேருந்துதான் அந்தப் பக்கம் போகணும். எவ்வளவு தூரம்! இந்தக் கிளார்க் பய மூணு வாரமா அவரை நிக்க வெச்சுட்டிருக்கான். நானும் சேர்ந்து கூப்பிடணுமா?" அவன் கண் கலங்கியது. "ஆத்தங்கரைல போய்ச் சொல்லிப் பாத்தேங்க்கா. ஆளே இல்லாத இடத்துல. வாய் திறக்குது, சத்தம் வரலை. பொண்ணை நினைச்சுக்கிட்டுச் சொல்லிப் பாத்தேன். அப்பவும் வரலை."

"ஊமைக் கோட்டான்னு பேர் வைக்கலாம் உனக்கு," என்றாள் பிலோமீன். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. தம்பி மேல் இல்லை. கோதுமை முளைத்து முழங்கால் உயரம் வந்திருக்கும். ஒரு குழந்தை அந்தக் கதிரோடு சேர்ந்து அறுவடைக்குக் காத்திருக்கிறது. நடுவில் நிற்பது யாரோ ஒருவன் சோம்பலில் வைத்த ஒரு பெயர். நானே போகிறேன் என்று முடிவு செய்தேன். பெயர் சொல்லாமலே, என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார், தம்பிக்கு வேறு பெயரில் சீட்டு எழுது என்று சொல்லிவிடலாம். அது என்ன பெரிய காரியம்?

மறுநாள் காலை கிளார்க் தனியாக உட்கார்ந்து வெந்த உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தான். எல்லோருக்கும் பொதுவான கலப்பு மொழியில், அவனுக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னேன்.

"என் வீட்டுக்காரர் செத்துட்டார்."

"யாரு? பேரைச் சொல்லு."

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தான். என் முகத்தைப் பார்த்து, ஓரளவு அடையாளம் தெரிந்து, விரலை ஒரு வரியில் வைத்து அந்தப் பெயரை உரக்கப் படித்தான்.

"முதல் ஆளா?"

மூடிய அறையில், ஒரு கை தூரத்தில், அந்தப் பெயர். நான் சுவரைப் பார்த்துத் திரும்பித் தலையை ஆட்டினேன். அவன் நிறுத்தினால் போதும் என்றிருந்தது. அவன் நிறுத்தவில்லை. அடுத்த வரிக்குப் போய் அதே பெயரை மறுபடி படித்தான்.

"இல்லை, இரண்டாம் ஆளா?"

அதற்கும் தலையை ஆட்டினேன். அவன் என்ன கேட்கிறான் என்று யோசிக்கவே இல்லை. இன்னொரு முறை சொல்லிவிடாதே என்பது ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது.

"ரெண்டு பேருமா? அதானே பார்த்தேன், பதிலே வரலையேன்னு. காய்ச்சலா?" பேனாவை மையில் தொட்டு இரண்டு கோடு இழுத்தான். மேஜை இழுப்பறையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தான். செத்தவனுக்குச் சீட்டு எதற்கு? நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இல்லை, இல்லை, தம்பி இருக்கான்," என்று கத்தினேன்.

"எந்தத் தம்பி? பேர் என்ன?"

நொட்டாங்கை என்ற பெயர் அவன் புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் உள்ள அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். சீட்டு எரிந்தாலும் வேறு சீட்டு எழுதியிருப்பான். வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர் இருமுகிற சத்தம் என் காதுக்குள் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். கிளார்க் பாவப்பட்டு, துக்கத்தில் பேதலித்துப் போனவள் என்று நினைத்து, எனக்கு ஒரு உருளைக்கிழங்கைக் கொடுத்து அனுப்பினான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீடுவரை அழுதுகொண்டே நடந்தேன். ஒன்று நினைக்க ஒன்று நடப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் இதை நானே செய்தேன்.

தம்பியிடம் சொன்னபோது அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் திட்டவில்லை.

"அப்போ நான் செத்தாச்சா?"

"மன்னிச்சுக்கடா."

"இரு அக்கா. புத்தகத்துல நான் இல்லை. அப்போ வரிசைல என் பேரைப் படிக்க மாட்டான். நான் இல்லைன்னு யாரும் தேட மாட்டாங்க. செத்தவனை எந்தக் குதிரைக்காரன் துரத்துவான்?"

பிலோமீன் கணப்பைக் கிளறுவதை நிறுத்தினாள். "பிடிபட்டா?"

"பிடிபட்டா உயிர் வந்துடும்," என்றான். முதல் முறையாக மூன்று பேரும் சிரித்தோம். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. போனவன் திரும்பி வர முடியாது என்பது அந்த நேரத்தில்தான் எங்களுக்குப் புரிந்தது. திரும்பி வந்தால் அவன் யார்?

கமாஸ் கிழங்கு தோண்டும் பருவம் அது. விடிந்ததும் பெண்கள் கூட்டமாக ஈரப்புல்வெளிக்குப் போவோம். அன்று ஒரு பெண் கூடுதலாகப் போனாள். உயரமானவள், முக்காடு போட்டவள், இடது கையில் தோண்டும் கோல் பிடித்தவள். புல்வெளியின் அந்தப் பக்கம் காடு. பனிமூட்டத்தில் அவன் கோலை என்னிடம் கொடுத்தான்.

"அக்கா, நான் போனதும் அழு. நல்லா அழு. இல்லேன்னா சந்தேகப்படுவாங்க."

"எனக்கா நீ அழறதுக்குச் சொல்லித் தரணும்?" என்று ஏசினேன். அவன் என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு மரங்களுக்குள் போனான்.

நடிப்புக்காகத்தான் ஆரம்பித்தேன். பிலோமீனும் கூடச் சேர்ந்து ஓலமிட்டாள். கொஞ்ச நேரத்தில் எனக்கு நடிப்பு எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. அதன் பிறகு எங்கள் குடியிருப்பில் ஒருவரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. அம்மா வைத்த பெயரையும் சொல்லவில்லை, நொட்டாங்கை என்றும் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு சிப்பாய் வந்து, உன் தம்பியைக் கொஞ்ச நாளாகப் பார்க்கவில்லையே என்று கேட்டான். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய்விட்டான். எங்கள் வழக்கத்தைத் தெரிந்த சிப்பாய்.

கோதுமை அறுப்பு முடிந்திருக்கும். நான் நாட்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். போய்ச் சேர்ந்தானா? வண்டிக்கு முன்னால் போனானா, வண்டி போன பிறகு போனானா? தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. யாரிடமாவது கேட்க வேண்டுமானால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

அக்டோபரில் தூசேன் கழுதைகளோடு வந்தான். ரேஷன் கொட்டகை முற்றத்தில் அவன் மூட்டை இறக்க, கிளார்க் பக்கத்தில் நின்று எடை பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வரிசை நின்றது. தூசேன் என்னைப் பார்த்தான். மூட்டையை அப்படியே விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தான். முகத்தில் ஏதோ ஒன்று இருந்தது, பெரிய சேதி கொண்டுவருகிறவன் முகம்.

"ஜோசெட்! உன் தம்பி இருக்கானே, அவன்..."

கிளார்க் தலையைத் தூக்கினான்.

நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறினேன். அப்படியே தரையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினேன். என் அலறலில் அவன் வார்த்தை முழுகிப்போனது. பிலோமீன் பாய்ந்து வந்தாள்.

"அறிவிருக்காய்யா உனக்கு? செத்துப்போனவனைப் பத்தி அக்காகாரி முன்னாடியா பேசுவே? உங்கம்மா உனக்கு ஒண்ணும் சொல்லித் தரலையா?"

தூசேன் திகைத்து நின்றான். அறுத்த என் முடியைப் பார்த்தான். கிளார்க்கைப் பார்த்தான்.

"என்னது?" என்றான் கிளார்க்.

"ஒண்ணுமில்லை. இவ தம்பி வசந்தத்துல செத்துட்டான். அவன் பேச்சைக் காதால கேக்க மாட்டா," என்றாள் பிலோமீன்.

"ஆமா, நான்தான் எழுதினேன்," என்று கிளார்க் மறுபடியும் தராசுக்குக் குனிந்தான்.

தூசேன் தோளில் கிடந்த சிவப்புப் போர்வையை எடுத்து, வழக்கப்படி என் மடியில் வைத்தான். "தெரியாமச் சொல்லிட்டேம்மா. பொறுத்துக்கோ." அவன் கண் என் கண்ணைத் தேடியது. அதில் இருந்தது சந்தோஷமா, துக்கமா? நான் விழித்து விழித்துப் பார்த்தேன். கண்ணீர் மறைத்தது.

வரிசையை விட்டு நகர்ந்தால் மாவு இல்லை. என் வயிறு மட்டும் என்றால் விட்டிருப்பேன், பிலோமீனின் பிள்ளைகளும் என் மாவை நம்பி இருந்தார்கள். வாங்கி முடித்து ஓடியபோது கழுதைகள் கோட்டை வாசலைத் தாண்டிவிட்டன. சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

"சீட்டு?"

இறக்கத்தில் கழுத்து மணிச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. தூசேன் திரும்பி நின்று கையை உயர்த்தினான். உரக்கக் கேட்டால் அவனுக்குக் கேட்கும் தூரம்தான். உரக்கப் பதில் சொன்னால் எனக்கும் கேட்கும். இருக்கானா என்று ஒரே ஒரு வார்த்தை. சிப்பாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மணிச் சத்தம் கேட்காமல் போகும்வரை அப்படியே நின்றேன். அடுத்த வருஷம் மாவு கொண்டுவந்தவன் வேறு ஆள்.