அவைக் குறிப்பில் ஒரு கை

சட்டப்பேரவையில் நிருபர் என்று சொன்னால் எந்தப் பத்திரிகை என்று கேட்கிறார்கள். பத்திரிகை எல்லாம் இல்லை. பேரவைத் தலைவருக்குக் கீழே, அவையின் நட்டநடுவில் ஒரு மேசை கிடக்கும். அதில் உட்கார்ந்து, உறுப்பினர்கள் பேசுவதை வரி விடாமல் சுருக்கெழுத்தில் எடுக்கிறவள் நான். பேச்சில்லாமல் நடப்பதை அடைப்புக்குறிக்குள் போடுவேன். (சிரிப்பு), (மேசையைத் தட்டும் ஒலி), (குறுக்கீடு). இந்த மூன்றே மூன்றை வைத்துக்கொண்டு இருபத்தோரு வருடம் காலம் தள்ளிவிட்டேன். அந்தப் புதன்கிழமைதான் நாலாவதாக ஒன்று தேவைப்பட்டது.

காரணம், பவளத்துறை உறுப்பினர் மரியபுஷ்பம். தேர்தலில் நிற்பதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் கடற்கரையில் மீன் ஏலம் கூறியவர். மற்ற உறுப்பினர்கள் கேள்வி கேட்க எழுந்தால் முதலில் கட்சித் தலைவருக்கு நன்றி, பிறகு தொகுதி மக்களுக்கு நன்றி, பிறகு ஒரு குறள், பிறகு குறளுக்குப் பொருள். கேள்வி வருவதற்குள் நான் ஒரு பென்சிலையே சீவி முடித்துவிடுவேன். மரியபுஷ்பம் அப்படி இல்லை. எழுந்ததுமே கேள்விதான். அதுவும் என்ன வேகம்! என் பென்சில் பின்னாலேயே நொண்டிக்கொண்டு ஓடும்.

"அம்மா, கொஞ்சம் மெதுவா. நிருபர் எழுத வேணாமா?" என்று பேரவைத் தலைவரே எனக்காகக் கெஞ்சுவார்.

"மீனு நாறிப்போகும் ஐயா!" என்பார் மரியபுஷ்பம்.

அந்த வாரம் மூன்று நாளும் அவர் ஒரே ஒரு பெண்ணைப் பற்றித்தான் கேட்டார். பெயர் டிலானி. பவளத்துறை அகதிகள் முகாமிலேயே பிறந்து, பிளஸ் டூவில் மாவட்டத்திலேயே மூன்றாவதாக வந்தவள். அப்பா இலங்கையில் மீன் பிடித்தவர். இங்கேயும் யார் படகிலாவது கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். டிலானிக்கு மீன்வளக் கல்லூரியில் சேர ஆசை. மீனவர் பிள்ளைகளுக்கென்று அங்கே தனி இடம் உண்டு. அதற்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. சேரக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பேரவை நடப்பதோ புதன்கிழமை வரைதான்.

திங்கட்கிழமை மீன்வளத் துறை அமைச்சர் கலியபெருமாள் பதில் படித்தார். தந்தையிடம் மீனவர் நல வாரிய அட்டை இல்லை, அகதிக்கு அட்டை தர விதி இல்லை, ஆகவே மறுவாழ்வுத் துறையைக் கேட்கவும். செவ்வாய்க்கிழமை சிறுபான்மையினர் நலத் துறை அமைச்சர் படித்தார். மாணவி கிறிஸ்தவர் என்பதில் அரசுக்கு ஐயமில்லை, கல்லூரியில் சேர்ந்து விட்டால் உதவித்தொகை நிச்சயம், சேர்ப்பது மட்டும் மீன்வளத் துறையின் வேலை. புதன்கிழமை மறுவாழ்வுத் துறை அமைச்சர் எழுந்தார். முகாமில் வீடு, விளக்கு, தண்ணீர் எல்லாம் செவ்வனே நடக்கிறது, கல்லூரிப் படிப்பு இத்துறையின் வரம்பில் வராது, மற்ற இரண்டு துறைகளையும் அணுகலாம்.

மூன்று நாளும் எழுதியவள் நான். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளையைப் பந்து மாதிரி மூன்று பெரிய மனிதர்கள் தட்டி விளையாடுகிறார்கள். அதை நான் ஒற்றெழுத்து பிசகாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பார்வையாளர் மாடத்தில் வெள்ளைச் சுடிதாரில் ஒல்லியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகாமில் அனுமதி வாங்கி மரியபுஷ்பம் கூட்டி வந்திருந்த டிலானி அவள்தான். மாடத்தில் கை தட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, அழவும் கூடாது. அவள் மடியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"துணைக் கேள்வி ஒண்ணே ஒண்ணு" என்றார் பேரவைத் தலைவர்.

மரியபுஷ்பம் மூன்று அமைச்சர்களையும் ஒரு முறை பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள் குரல் கிளம்பிவிட்டது.

"இந்தா பாருங்கய்யா பவளத்துறைப் புள்ள! மாவட்டத்துல மூணாவது! வலை பின்னுவா, காத்தப் பாத்துக் கடலு சொல்லுவா, பொய் சொல்ல மாட்டா! யாருக்கு வேணும்? மீன்வளத் துறைக்கா? மீனவன் மக ஐயா, விட்டுறாதீக! சிறுபான்மைத் துறைக்கா? ஞாயித்துக்கெழம பூசை தப்பாத புள்ள! மறுவாழ்வுத் துறைக்கா? ஒங்க முகாமுல பொறந்தவ, ஒங்க வெளக்குலயே படிச்சவ! கேளுங்க, கேளுங்க, கேளுங்க! ஒரு தரம்!"

பேரவைத் தலைவர் மணியைத் தேடினார். மணி காகிதத்துக்கு அடியில் போய்விட்டிருந்தது.

"எதிர்க்கட்சிக்குக் குடுங்கம்மா!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"ஒம்மகிட்ட காலேசு இருக்கா? இல்லேல்ல? உக்காரும்!" என்று அந்தப் பக்கம் திரும்பாமலேயே போட்டார் மரியபுஷ்பம். "வெள்ளிக்கெழமைக்கு மேல இந்தச் சரக்கு நிக்காது! மூணு தொரை இருக்கு, ஒரு தொரைக்கும் கை வரலயா? ரெண்டு தரம்!"

அவை குலுங்கியது. நான் (சிரிப்பு) போட்டேன். அடுத்த வரியிலும் (சிரிப்பு) போட்டேன். பென்சில் என் கையில் நிற்கவில்லை, நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. கலியபெருமாள் அமைச்சராவதற்கு முன்னால் முப்பது வருடம் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்த வியாபாரி. அந்த நேரத்தில் அவர் குனிந்து ஏதோ கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது அந்த ராகம் மட்டும்தான். தலை நிமிரவில்லை. இடது கை மட்டும் தானாக எழும்பி, மார்பு உயரத்தில் நின்று, ஆள்காட்டி விரலை நீட்டியது.

"மூணு தரம்! கலியபெருமாள் அண்ணாச்சிக்கு!" என்று கூவிவிட்டு மரியபுஷ்பம் பட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

அமைச்சர் நிமிர்ந்து தன் கையைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரன் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இரண்டு பக்கத்து மேசைகளும் அதிர்ந்தன. மறுவாழ்வுத் துறை அமைச்சர் எழுந்து, "நான் கேக்கறதுக்குள்ள முடிச்சுட்டீங்களேம்மா!" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். இதற்குள் பேரவைத் தலைவர் மணியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இது பேரவையா, மீன் மார்க்கெட்டா? அந்த ஏலத்த அவைக் குறிப்புலேர்ந்து நீக்குங்க!"

நீக்கியது நீக்கியதுதான். அமைச்சர்கள் அவையில் தருகிற வாக்குறுதியைத் துரத்திக் கேட்க ஒரு குழு உண்டு. அந்தக் குழு அச்சில் இருப்பதை மட்டுமே பார்க்கும். அச்சில் இல்லையென்றால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

உணவு இடைவேளையில் எங்கள் அறையில் உட்கார்ந்து நான் ஏலத்தை வரி வரியாக அடித்து நீக்கினேன். "இந்தா பாருங்கய்யா" போயிற்று. "ஒரு தரம்" போயிற்று. கடைசியில் ஒரு அடைப்புக்குறி நின்றது. (மீன்வளத் துறை அமைச்சர் கை உயர்த்தினார்). அது ஏலத்தில் சேர்த்தியா இல்லையா? பென்சிலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீன்வளத் துறைத் துணைச் செயலாளர் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"மேடம், அதையும் அடிச்சுடுங்க. அவர் கை தூக்கலை, கொட்டாவி விட்டார்."

"எழுதினது நான் சார். எனக்குக் கண் தெரியும்."

"அப்ப கொட்டாவின்னு மாத்திடுங்களேன்."

"கொட்டாவிக்கு வாயத் தெறப்பாகளா, கையத் தூக்குவாகளா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மரியபுஷ்பம். "யம்மா, ஒனக்குப் புண்ணியமாப் போகும், அந்த வரிய மட்டும் அடிச்சுறாத. வெள்ளிக்கெழம போச்சுன்னா அந்தப் புள்ள அடுத்த வருசம் எறா உரிக்கப் போயிருவா."

அடிக்கவும் எனக்கு உரிமை இல்லை, விடவும் உரிமை இல்லை. தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பேரவைத் தலைவர் அறைக்குப் போனேன். இருவரும் பின்னாலேயே வந்தார்கள். அங்கே கலியபெருமாள் ஏற்கெனவே சுக்குக் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

பேரவைத் தலைவர் தாளைப் படித்து உதட்டைக் கடித்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "ஏலத்த நீக்கச் சொன்னேன், சரி. ஏலம் எங்க முடியுது?"

"மூணு தரத்தோட ஏலம் முடிஞ்சுது ஐயா. கை வந்தது யாவாரம்" என்றார் மரியபுஷ்பம்.

"கை மூணு தரத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு சார். அதனால ஏலத்துக்குள்ளதான் சேரும்" என்று துணைச் செயலாளர் பிடித்துக்கொண்டார். நெற்றிப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அவர் சொன்னது சரிதான். என் குறிப்பிலும் அப்படித்தான் இருந்தது.

பேரவைத் தலைவர் என்னிடம் பென்சிலுக்குக் கை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கொஞ்சம் இருங்க தலைவரே" என்றார் கலியபெருமாள். காப்பியைக் கீழே வைத்தார். "முப்பது வருசம் கரையில மீன் எடுத்திருக்கேன். ஒரு நாள் தூக்கக் கலக்கத்துல அழுகுன சாளை மீனுக்குக் கை தூக்கிட்டேன். எட்டுக் கூடை. ஊரே மூக்கப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். கரையில தூக்குன கைய எறக்குனா மறுநாள் ஒரு பய நமக்கு மீன் குடுக்க மாட்டான். அழுகுன சாளைக்கே எறக்காத கைய மாவட்டத்துல மூணாவதா வந்த பொண்ணுக்கா எறக்குவேன்?"

"சார், அட்டை இல்லாம விதி..." என்று துணைச் செயலாளர் இழுத்தார்.

"விதிய எழுதுனது யாருய்யா? கடல்லேர்ந்தா வந்துச்சு? நம்ம ஆபீசுதானே? முகாம்ல இருந்து கடலுக்குப் போறவனும் மீனவன்தான்னு எழுதிக் கொண்டா. மத்தியானம் நான் எந்திரிச்சு வாயாலயே சொல்லிடறேன். மேடம் அடைப்புக்குறி இல்லாம எழுதிக்கட்டும்."

"அண்ணாச்சி!" என்று மரியபுஷ்பம் கும்பிட்டார்.

"கும்பிடாதம்மா. ஏலம் கூறுறேன்னு இன்னொரு தடவ என் முன்னாடி எந்திரிக்காத. கைய நம்ப முடியல."

மதியம் அவர் சொன்னார். நான் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான சுருக்கெழுத்து எழுதியதில்லை. டிலானியின் சேர்க்கைக் கடிதம் மாலை ஐந்து மணிக்குத் துணைச் செயலாளர் கையிலேயே வந்து சேர்ந்தது. ஒரு துறை அசைந்ததும் மற்றவற்றுக்கும் ரோஷம் வந்துவிட்டது. சிறுபான்மையினர் நலத் துறையிலிருந்து உதவித்தொகைப் படிவம் வந்தது. மறுவாழ்வுத் துறை, முகாமிலிருந்து விடுதிக்குப் போக அனுமதியோடு ஒரு பெட்டியும் வாங்கிக் கொடுத்து அனுப்பியது. பெட்டி கொஞ்சம் பெரிசு. டிலானியே அதற்குள் உட்காரலாம்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அவர்களைப் படிக்கட்டில் பார்த்தேன். ராத்திரி வண்டி பிடித்தால்தான் முகாமில் காலை ஆள் எண்ணும்போது டிலானி நிற்க முடியும். மரியபுஷ்பம் பெட்டியைத் தூக்கவும் இல்லை, நகரவும் இல்லை. முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏத்தா, கேக்குறேன்னு நெனைக்காத. அம்புட்டுப் பேருக்கு முன்னால உன்னைய மீனு கணக்கா வச்சுக் கூவிப்புட்டேன். கோவமா?"

டிலானி கடிதத்தை இன்னும் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். "கோவமில்லை அக்கா. பிறந்ததில இருந்து எங்க போனாலும் 'இவள் எங்கட ஆள் இல்லை' எண்டுதான் சொல்லுவினம். இண்டைக்குத்தான் ஒருத்தர் என்னை வேணும் எண்டு கை தூக்கினவர். அவருக்குத் தெரியாமல் தூக்கினாலும் பரவாயில்லை அக்கா. தூக்கின கையைப் பேந்து இறக்கேல்லையே."

நிமிடத்துக்கு இருநூறு வார்த்தை பேசுகிற மரியபுஷ்பம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். வண்டிக்கு நேரமாகிறது என்று நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.