எல்லா ஊருக்கும் ஒரே குரல்

விக்னராஜா வானொலியில் வேலை செய்கிறான் என்று மெல்பேர்னில் இருந்த இலங்கைத் தமிழ்ச் சனம் முழுவதற்கும் தெரியும். முழுவதும் என்றால் பெரிய படையொன்றுமில்லை. எழுபத்தாறாம் ஆண்டில் அந்தச் சனத்தை ஒரு பிறந்தநாள் வீட்டின் முன்னறைக்குள் அடக்கிவிடலாம், கதிரைகள்கூட மிஞ்சும். தெரிந்த அந்தச் சனம் என்ன செய்தது என்றால், பழுதாய்ப்போன வானொலிப் பெட்டிகளையெல்லாம் கட்டித் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தது.

"தம்பி, இது இரண்டு கிழமையாக் கரகரக்குது. ஒருக்காத் திறந்து பாருமன்" என்பார் கணேசலிங்கம். அவர் புகையிரதத் திணைக்களத்தில் எஞ்சினியர். நாலு பேர் கூடும் இடத்தில் அடுத்தவன் என்ன உத்தியோகம் பார்க்கிறான் என்று அறியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

விக்னராஜா பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வான். சனிக்கிழமை டண்டினொங் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த திருத்தகத்தில் கொடுத்து எடுத்து, தானே திருத்தியதுபோலத் திருப்பிக் கொடுப்பான். வேறென்ன செய்வது? உண்மையைச் சொல்லக் கூடாது என்பதுதான் அவனுக்கு வேலை தந்தவர்கள் போட்ட முதல் நிபந்தனை.

உண்மை இதுதான். நாடு முழுவதும் சிற்றூர்களில் படுத்துப்போகவிருந்த வானொலி நிலையங்களை ஒரு கம்பெனி வரிசையாக வாங்கியது. எல்லாவற்றுக்கும் 'ரெட் கேட் கன்ட்ரி' என்று ஒரே பெயரை வைத்தது. ஊருக்குள் பாட்டு வருமுன் பெயின்ற் வாளி வந்து சேர்ந்தது. நிலையத்தின் கதவு எந்த ஊரிலும் ஒரே சிவப்பாக இருக்க வேண்டும் என்பது கட்டளை. பிறகு எல்லா ஊருக்கும் ஒரே பாட்டு, ஒரே விளம்பர மெட்டு, கடைசியாக ஒரே அறிவிப்பாளன். அவன் பெயர் கிளே மெர்சர். ஆட்டு மந்தைகளுக்கு நடுவே பிறந்து, வேலி அடைத்துக் கைகாய்த்து, பாட்டின்மேல் பைத்தியம் பிடித்து வானொலிக்கு வந்தவன் என்று கம்பெனி அவனுக்கு ஒரு பிறப்பு வளர்ப்பும் எழுதிக் கொடுத்திருந்தது. அந்தக் கிளே மெர்சர்தான் நம்முடைய விக்னராஜா. ஆட்டை அவன் கிட்டத்தில் கண்டது கறிச்சட்டியில் மட்டும்.

கொழும்பு வானொலியின் ஆங்கிலச் சேவையில் ஞாயிறு மத்தியானங்களில் கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுப் போட்டவன் அவன். அங்கே ஆங்கில அறிவிப்பாளனுக்குச் சொந்தமாக ஓர் உச்சரிப்பு இருந்தால் அது குறை. இசைத்தட்டுகளில் பாடகர்கள் பாட்டுக்கு முன்னால் பேசுகிற இரண்டொரு வசனங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த இழுவையை நாக்கில் ஏற்றிக்கொண்டான். மெல்பேர்னுக்கு வந்தபோது அந்த நாக்கை யாரும் கேட்கவில்லை. முதலில் டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினான். பிறகு ரிச்மன்டில் கம்பெனியின் ஸ்டூடியோவில், ஒலிநாடாக்களைப் பிரதி எடுக்கும் வேலை கிடைத்தது. மெல்பேர்னில் பதிவு செய்யும் நிகழ்ச்சியைப் பிரதி எடுத்து ரயிலில் ஊர் ஊராக அனுப்ப வேண்டும். அந்தந்த ஊரில் ஒரு பையன் நாடாவை ஓடவிட்டு, இடையிடையே மாட்டு விலையும் மழைச் செய்தியும் வாசிப்பான். சனங்கள் கிளே மெர்சர் தங்கள் ஊர் பெரிய தெருவில் உட்கார்ந்து பேசுவதாக நம்பினார்கள்.

அவனுக்கு முன் கிளே மெர்சராகப் பேசிவந்தவன் ஒரு நாள் தலைகால் தெரியாமல் குடித்துவிட்டு வந்தான். அன்றைக்கு நிகழ்ச்சி மேலாளர் ஹாலோரன் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்க, "நான் பேசிப் பார்க்கவா?" என்று விக்னராஜா கேட்டான். ஒலிவாங்கிக்கு முன்னால் வாயைத் திறந்தவுடன் ஹாலோரன் கையைத் தலையிலிருந்து எடுத்தார். அவன் பேசி முடிக்கும்வரை அவனைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். பார்த்துக்கொண்டு கேட்க அவருக்கு ஒருபோதும் முடிந்ததில்லை.

இந்தச் சங்கதி வெளியில் தெரிந்த ஒரே ஆள் இராஜேஸ்வரி, அவன் மனைவி. அவள் டண்டினொங்கில் பழம் அடைக்கும் தொழிற்சாலையில் நின்றாள். பக்கத்துச் சிற்றூர் நிலையத்தின் அலை அதுவரை எட்டியதால், நாள் முழுக்க அங்கே ரெட் கேட் கன்ட்ரி ஓடும். அவளுக்கு எதிரே நின்று வேலை செய்த கிரேக்கப் பெண் கிளே மெர்சரில் உயிரையே வைத்திருந்தாள். "உனக்கு அவர் பேசுவது விளங்குதா?" என்று இரக்கத்தோடு கேட்டு, விளங்காததையெல்லாம் இராஜேஸ்வரிக்கு விளக்கிச் சொல்வாள். இராஜேஸ்வரி வாயை மூடிக்கொண்டு பீச் பழத்தைத் தோல் உரிப்பாள். மாலையில் வீட்டுக்கு வந்துதான் வயிறு நோகச் சிரிப்பாள்.

"உங்களுக்கு ஏழு சகோதரமாம். அதில ஒருத்தர் வெள்ளத்தில அள்ளுப்பட்டுப் போட்டாராம். அவ இண்டைக்கு அழுது போட்டா" என்றாள் ஒருநாள்.

அவனும் அப்போதெல்லாம் சேர்ந்து சிரித்தான்தான். ஆனால் இரண்டாவது வருடத்தில் அந்தச் சிரிப்பு அவனுக்கு வறண்டுபோனது. ஒருநாள் முழுக்கக் கதைத்து, கடைசியில் "இதுவரை உங்களோடு இருந்தது" என்று சொல்லி வேறு ஒருவன் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை, அந்த இடத்தில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். வேறு எந்த ஆசையும் அவனுக்கு அந்த நாட்டில் இருக்கவில்லை. வீடு வாங்க வேண்டும், கார் வாங்க வேண்டும் என்று மற்றவர்கள் அலைந்த காலத்தில் இப்படியும் ஒரு மனுசன்.

அந்த ஆசைக்கு ஹாலோரனே வழி காட்டினார். ஊர்க் கண்காட்சிகளைத் திறந்து வைக்கக் கிளே மெர்சரை அழைக்கிறார்கள், பத்திரிகைகள் படம் கேட்கின்றன, இனியும் சாட்டுச் சொல்ல முடியாது என்றார்.

"உன்னை மேடையில் ஏற்ற முடியாது, விக். அது உனக்கே தெரியும்."

"தெரியும்."

"பாரி என்று ஓர் ஆளை எடுத்திருக்கிறோம். உயரம், தொப்பி எல்லாம் பொருந்துகிறது. குரல்தான் வேண்டும். அதை நீதான் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால், ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் உனக்கு. உன் பெயரில், உனக்குப் பிடித்த பாட்டுகள்."

விக்னராஜா அதை நம்பினான். ஹாலோரன் பொய் சொல்கிற ஆள் இல்லை, அதுதான் இந்தக் கதையில் பெரிய வயிற்றெரிச்சல். வீட்டில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குசினி வானொலியைப் போட்டுவிட்டு, தேத்தண்ணியோடு இருக்கிற இராஜேஸ்வரியின் காதில் அந்தப் பெயர் வந்து விழ வேண்டும் என்று நினைத்தான்.

பாரி முன்பு உழவு இயந்திரம் விற்றவன். நல்ல மனுசன், மரியாதையானவன், பேசினால் ஏலம் போடுகிற மாதிரி இருக்கும். அவனுக்கு ஏனோதானோ என்று கற்றுக்கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் பாரி ஊத்திக்கொண்டிருப்பான், கம்பெனி திரும்பவும் விக்னராஜாவின் காலடிக்கு வந்திருக்கும். இதை அவன் யோசிக்காமல் இல்லை. ஆனால் பாரி கிளேயைக் கொலை செய்வதைக் கேட்டுக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. எந்தச் சொல்லை இழுக்க வேண்டும், எந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே விட்டுவிட வேண்டும், பாட்டு முடிந்து எத்தனை நேரம் சும்மா இருந்தால் கேட்கிறவள் வேலையை நிறுத்திக் காது கொடுப்பாள் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தான். ஊர்ப் பெயரை எப்போதும் சொல்லாதே, 'ஜன்னலுக்கு வெளியே தூசி பறக்கிறது' என்று சொல், எந்த ஊரிலும் அது உண்மையாக இருக்கும் என்றான். அந்தத் தூசியை அவன் கண்டதேயில்லை. அந்த ஊர்களில் பிறந்து வளர்ந்த பாரி, தன் ஊரைப் பற்றி எப்படிப் பேசுவது என்று அவனிடம் குறிப்பெடுத்துக்கொண்டான்.

குளிர்காலம் முடியும்போது பாரி தேறிவிட்டான். கண்ணை மூடிக் கேட்ட ஹாலோரன், கண்ணைத் திறந்து யார் பேசியது என்று பார்க்க வேண்டியிருந்தது. "நீ உன் ஞாயிறு நிகழ்ச்சிக்கு ஒரு மாதிரி நாடா பதிவு செய். சிட்னியில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன்" என்றார்.

விக்னராஜா புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து, "வணக்கம், நான் விக்னராஜா" என்று ஆங்கிலத்தில் சொன்னான். நாடாவைத் திருப்பிக் கேட்டால் பேசியது கிளே மெர்சர். தன் பெயரையே ஆடு மேய்க்கிறவன் போல இழுத்திருந்தான். திரும்பச் சொன்னான். இந்த முறை கொழும்பில் செய்தி வாசிப்பவன் மாதிரி வந்தது. அதுவும் அவனுடையது அல்ல, அது லண்டன்காரனைப் பார்த்துப் படித்தது. வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசுவோம் என்று பார்த்தால், வீட்டில் அவன் ஆங்கிலம் பேசுவதேயில்லை. மத்தியானம் வரையும் தன் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேயிருந்தான். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது, போதும் என்று விட்டுவிட்டான்.

சிட்னியின் பதிலை ஹாலோரன் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். கதவைச் சாத்தினார். அப்போதே விக்னராஜாவுக்கு விளங்கிவிட்டது.

"இந்த ஆள் கிளே மெர்சரைப் பார்த்து நடிக்கிறார் என்கிறார்கள். நடிப்பும் அவ்வளவு சரியில்லையாம்."

"அந்தக் கிளேயே நான்தான் என்று அவர்களுக்கு நீங்கள் சொல்லவில்லையா?"

"சொன்னேன். இருந்தாலும் கேட்கிறவர்களுக்கு அப்படித்தானே இருக்கும் என்கிறார்கள். ஒரு கதவு, ஒரு குரல். அதுதான் ரெட் கேட் என்கிறார்கள்."

"நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள், மிஸ்டர் ஹாலோரன்."

"மனதாரத்தான் கொடுத்தேன்" என்றார் அவர். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க விக்னராஜாவுக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்த மனுசன் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் கத்தவாவது கத்தியிருக்கலாம். "பிரதி எடுக்கிற அறையில் உன் பழைய இடம் இருக்கிறது, விக். அதை யாரும் எடுக்க முடியாது."

வேலையை வீசிவிட்டு வந்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் சொல்லலாம். எங்கே வருவது? திரும்பவும் பண்டகசாலைக்கா? அவன் பழைய அறைக்குப் போனான். பாரி பேசிய முதல் நாடாவைப் பொருத்தி, பிரதி எடுத்து, ஊர்ப் பெயர் எழுதி, பெட்டிகளில் அடைத்தான். பிறகு அடுத்த நாளின் நாடாவையும் அப்படியே செய்தான். நிகழ்ச்சி ஒலிபரப்பாகும் நாளுக்கு இரண்டு நாள் முந்தியே எல்லாம் ரயிலேறிவிட வேண்டும். பாரி நன்றாகத்தான் பேசியிருந்தான். ஓரிடத்தில்கூடப் பிசகு இல்லை.

வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இராஜேஸ்வரி வானொலியில் கேட்டவுடன் கண்டுபிடித்துவிடுவாள், அவளே கேட்கட்டும், அப்போது சொல்லி அழுதுவிடலாம் என்று முடிவு செய்தான். பதினைந்து வருடம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாமல் போகுமா? உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நினைப்பில்தான் அவன் அந்த இரண்டு நாளும் மூச்சு விட்டான்.

பாரி முதன்முதலாக ஒலித்த அன்று மாலை, விக்னராஜா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தான். இராஜேஸ்வரி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. எதிரே வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஒண்டு கேப்பன்."

"கேள்."

"இண்டைக்கு என்ன நடந்தது உங்களுக்கு?"

அவன் வாயைத் திறந்தான். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"றேடியோவில சிரிச்சியளே" என்றாள் அவள். "அந்தக் குதிரை வாங்கப் போன கிழவன்ர கதையைச் சொல்லிப் போட்டு. நான் கையில பழத்தோட அப்பிடியே நிண்டிட்டன்."

கிளே மெர்சராக இருந்த இரண்டரை வருடத்திலும் விக்னராஜா ஒருமுறைகூட ஒலிவாங்கிக்கு முன்னால் சிரித்ததில்லை. பேச்சைப் பிறத்தியானிடமிருந்து வாங்கலாம், சிரிப்பை வாங்க முடியாது. சிரித்தால் அந்த இடத்தில் பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில் சிரிப்பு வருகிற கதையையும் பல்லைக் கடித்துக்கொண்டே சொல்வான். பாரிக்கு அந்தப் பயம் இல்லை. கதையைச் சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கலியாணம் கட்டின புதுசில சிரிப்பியளே, அதே சிரிப்பு" என்றாள் இராஜேஸ்வரி. அவள் கண்ணெல்லாம் நீர். "இந்த நாட்டுக்கு வந்து நீங்கள் சந்தோசமா இல்லையெண்டு எனக்குத் தெரியும். கேட்டா ஒண்டும் சொல்ல மாட்டியள். நானும் கேக்கிறதில்லை. இண்டைக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. இனி எல்லாம் சரி வருமெண்டு மனசு சொல்லுது."

அவள் குனிந்து அவன் சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். ஒருநாளும் செய்யாத வேலை.

"நாளைக்கும் அப்பிடிச் சிரியுங்கோ" என்றாள், தலை நிமிராமல். "எனக்காக ஒருக்கா."

நாளைய நாடா நேற்றே ரயிலில் போய்விட்டது. அதில் பாரி இரண்டு இடத்தில் சிரிக்கிறான். பிரதி எடுத்தவனுக்குத் தெரியாதா?

"ஓம், சிரிப்பன்" என்றான் விக்னராஜா.