பிள்ளைகளுக்க விளை

மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த இருபது சென்ட் விளையைச் சபையார் பிள்ளைகளுக்குத் தோட்டம் போட விட்டுக்கொடுத்தார்கள். அது கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் 1935. இருபத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு பாத்தி. ஏழாம் வகுப்பு நேசபாய்தான் தலைவி. யாரும் அவளைத் தலைவி ஆக்கவில்லை. அவள் சொன்னால் மற்றவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான்.

விளையில் தண்ணீருக்குக் கிணறு இல்லை. பக்கத்து விளைக்காரர் முத்துநாயகம் தம் கிணற்றில் வெள்ளம் கோரிக்கொள்ளச் சொல்லியிருந்தார். வழுதலை என்ற கத்தரி நாற்றுகூட அவர் கொடுத்ததுதான். மாசி மாதம் ஒருநாள், பிள்ளைகளில் ஒருத்தியான செல்லத்தாய் கிணற்றுக் கயிற்றைப் பிடித்து நிற்பதை அவர் கண்டுவிட்டார். வயலோரக் குடிசையில் இருக்கும் சுடலையாண்டியின் மகள் அவள். அந்தக் குடிசைக்காரர்களை ஊரில் எந்தக் கிணற்றிலும் அண்டவிடுவதில்லை.

"அந்தப் புள்ள கயித்தைத் தொடப்படாது" என்றார் நேசபாயிடம். கோபப்படாமல்தான் சொன்னார். "நீங்க கோரி அவளுக்கு ஊத்துங்க. வேண்டாம்னு நான் சொல்லல்லியே."

நேசபாய்க்கு அது நியாயமாகவே பட்டது. தலையாட்டிவிட்டு, ஒரு குடம் கோரிக்கொண்டு செல்லத்தாயின் பாத்திக்குப் போனாள். அவர் சொன்னது காதில் விழுந்த செல்லத்தாயோ அதற்குள் கால் மைல் தள்ளியிருந்த கால்வாயிலிருந்து குடம் சுமந்து வந்துகொண்டிருந்தாள். பாவாடை முழுக்க நனைந்திருந்தது.

"ஏட்டி, நான் ஊத்துகேன். எதுக்கு அவ்வளவு தூரம் போற?"

"உனக்கு இன்னொருத்தி கோரி ஊத்தணும்னா நீ சம்மதிப்பியா?" குடத்தை இறக்காமலே கேட்டாள் செல்லத்தாய்.

முத்துநாயகத்திடம் தலையாட்டியது நேசபாய்க்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கோரிய வெள்ளத்தைத் தன் பாத்தியில் ஊற்றவும் மனம் வரவில்லை.

மறுநாள் எல்லாரையும் கூட்டினாள். "நான் இனி அந்தக் கிணத்துக்குப் போகமாட்டேன். நமக்குன்னு ஒண்ணு தோண்டுவோம்."

"கிணறா? நாமளா?" தங்கையன் சிரித்தான். நேசபாயின் வகுப்புக்காரன் அவன்.

"வயல் பக்கத்து மூலையில கோடையிலயும் புல்லு பச்சையாத்தானே நிக்கு?"

தங்கையன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அந்த மூலையைப் பார்த்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் தோண்டினார்கள். பையன்கள் வெட்ட, பெண்பிள்ளைகள் ஓலைக் கடவப்பெட்டியில் மண் சுமந்தார்கள். பையன்களுக்குக் கை கொப்பளித்ததும் மண்வெட்டி பெண்பிள்ளைகள் கைக்கு மாறியது. ஐந்தாம் நாள் செம்பாறை தட்டியது. மூன்று பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு முத்துநாயகத்தின் கிணற்றுக்கே திரும்பிவிட்டார்கள். அன்று வீட்டில் நேசபாய் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் அவள் அண்ணன் மரியஜான் கடப்பாரையோடு வந்து நின்றான். "முன்னமே எங்கிட்டச் சொல்லக்கூடாதா மக்கா?" என்றான். பாறையைப் பெயர்த்து, கரை சரியாதபடி படியும் வெட்டிக் கொடுத்தான்.

ஒன்பதாம் நாள் குழி செல்லத்தாயின் தலைக்கு மேல் போயிருந்தது. அவள்தான் உள்ளே நின்று வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நேசம்! காலு நனையுது!"

எல்லாரும் குழியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒரே கலங்கல். விடிந்து பார்த்தபோது முழங்கால் அளவு வெள்ளம் தெளிந்து கிடந்தது. வகுப்பில் முதலாவதாக வந்த நாளில்கூட நேசபாய்க்கு நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை. விட்டுப்போன மூவரும் குடத்தோடு வந்து தயங்கி நின்றார்கள். செல்லத்தாய் விலகி வழி விட்டாள்.

வைகாசியில் பயறும் வழுதலங்காயும் பூசணி போன்ற தடியங்காயும் பாத்தி கொள்ளாமல் காய்த்தன. "நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் குடுப்போம்" என்றாள் செல்லத்தாய். போன வருஷம் அவள் தம்பியைப் பிழைக்கவைத்தது அங்கேதான். ஒரு சனிக்கிழமை காலை இருபத்திரண்டு பேரும் தலைச்சுமையோடு கிளம்பினார்கள்.

வழியில் முத்துநாயகத்தின் மாட்டுவண்டி எதிரே வந்தது. செல்லத்தாயின் தலையிலிருந்த பெரிய தடியங்காயை அவர் பார்த்தார்.

"யாருக்க விளையில காய்ச்சது?"

"எங்களுக்க விளையில" என்றாள் நேசபாய். "எங்க கிணத்து வெள்ளம்."

அவர் வண்டியை ஓரங்கட்டி, கடைசிப் பிள்ளை போகும்வரை நின்றார்.

ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் எலிசா என்ற சமையற்காரி வாயில் கை வைத்தாள். "இம்புட்டுமா! நீங்க எந்த ஊருப் பிள்ளைங்க?"

இருபத்திரண்டு பேரும் ஒரே மூச்சில் ஊர்ப்பேரைச் சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் வார்டுக்குள்ளிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.